மருந்துக் கடையில் ஆணி கேட்ட பையன்கள்: 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' பற்றி யூத மரபு

#1 செங்காந்தள்

நண்பர்களே, ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயம். யூத நூல்களில் பழக்கமுள்ள சிலர் இங்கே இருக்கிறீர்கள், அதனால் இங்கேயே கேட்டுவிடுகிறேன்.

இன்றைய பெலாரஸில் நவக்ருதக் என்று ஓர் ஊர். யூதர்கள் வாயில் அது நோவார்தொக். 1896-ல் அங்கே யோசெஃப் யோசெல் ஹோர்விட்ஸ் என்ற ரபி, அதாவது யூத மத குரு, ஒரு யெஷிவா தொடங்கினார். யெஷிவா என்றால் தல்மூத் என்ற யூதச் சட்ட விவாத நூலைப் படிக்கும் பாடசாலை. இவர் முஸார் இயக்கத்துக்காரர். வேதம் படித்தால் மட்டும் குணம் வந்துவிடாது, கோபம், பொறாமை, கர்வம் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பயிற்சி வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டு லித்துவேனியாவில் ரபி இஸ்ரேல் சலாந்தர் தொடங்கிவைத்த இயக்கம் அது. மற்ற முஸார் பாடசாலைகளில் பயிற்சி என்றால் நூலிலிருந்து ஒரு வரியை ராகம் போட்டுத் திரும்பத் திரும்பச் சொல்வது, உட்கார்ந்து தன்னையே குடைந்து பார்ப்பது என்று இருக்கும். நோவார்தொக்கில் பையன்களைத் தெருவுக்கு அனுப்பினார்கள்.

நேரே மருந்துக் கடைக்குப் போ. ஆணி இருக்கிறதா என்று கேள். கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நின்று அதை வாங்கிக்கொண்டு வெளியே வா. பயிற்சி அவ்வளவுதான். இன்னும் சிலர் வேண்டுமென்றே கிழிந்த உடுப்போடு ஊருக்குள் நடப்பார்களாம். இன்றைக்கு ஒருவன் சிரிப்புக்குப் பயந்தால் நாளைக்கு அதே பயத்தில் பொய் சொல்வான், தப்புக்குத் துணை போவான். ஆகவே பயத்தை வேரிலேயே பிடுங்கு என்பது ஹோர்விட்ஸின் கணக்கு.

இது ஏதோ ஒரு தனி ஆளின் கிறுக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்கான் அரூக்கைத் திறந்தால், முதல் பத்தியிலேயே 16-ஆம் நூற்றாண்டு ரபி மோசே இஸர்லிஸ் சேர்த்த குறிப்பு இருக்கிறது: கடவுள் பணியில் தன்னைக் கேலி செய்கிறவர்களைக் கண்டு வெட்கப்படக் கூடாது. ஆனால் இதே மரபுதான் ஒருவனைப் பலர் முன் வெட்கப்படுத்துவது ரத்தம் சிந்துவதற்குச் சமம் என்கிறது. நான் ஊருக்காக வெட்கப்படக் கூடாது, ஆனால் என்னால் ஊரில் யாரும் வெட்கப்படக் கூடாது. இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படிக் குடியிருக்கும்?

#2 தட்டாம்பூச்சி

ஆணி கேட்டதற்குப் பதில் கோமாளி வேஷம் கட்டியிருக்கலாம். நாலு காசாவது கிடைத்திருக்கும்.

#3 மாத்திரைக்கடை அண்ணாச்சி

தம்பி செங்காந்தள், எனக்கு யூத நூல் எதுவும் தெரியாது. ஆனால் 22 வருஷமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். ஆகவே கல்லாவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

ஆணி கேட்டு என்னிடம் இதுவரை யாரும் வந்ததில்லை. ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டம் அடிக்கும்போது ஒரு ஆள் ஓரமாக நின்றுகொண்டே இருப்பார். 'என்ன சார் வேணும்' என்றால் 'பாருங்க பாருங்க, மத்தவங்களப் பாருங்க' என்பார். கூட்டம் குறையாவிட்டால் முதலில் ஒரு தலைவலித் தைலம் கேட்பார். அப்புறம் பஞ்சு. அப்புறம்தான் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சீட்டு வரும். மூலத்துக்குக் களிம்பாக இருக்கும், இல்லை மனநல டாக்டர் எழுதியதாக இருக்கும். நான் பேரை வாய்விட்டுப் படிக்காமல் எடுத்து, உறையில் போட்டு, மேலே அந்தத் தைலத்தை வைத்துக் கொடுப்பேன். தொழிலில் யாரும் சொல்லித் தராமலே வந்துவிடும் பழக்கம் இது.

சில வருஷத்துக்கு முன் புதிதாகச் சேர்ந்த கடைப் பையன் ஒருவன், அப்படி வந்த ஒருவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து கத்தினான்: 'அண்ணாச்சி, இந்தப் பைத்திய மாத்திரை எந்தத் தட்டு?' கடையில் ஆறு பேர் நின்றார்கள். அந்த மனிதர் சீட்டைக்கூடத் திருப்பி வாங்காமல் போய்விட்டார். இன்றுவரை என் கடைப் படி ஏறவில்லை.

அதனால் எனக்கு வரும் சந்தேகம் வேறு. அந்தப் பையன் ஆணி கேட்டு, சிரிப்பு வாங்கி, மனசைத் தேற்றிக்கொண்டு போய்விட்டான், சரி. அந்தக் கடைக்காரர் என்ன பாவம் செய்தார்? பின்னால் குழந்தையின் காய்ச்சலுக்கு மருந்து வாங்க ஒருத்தி நின்றிருந்தால் அவள் என்ன செய்தாள்? அவன் பயிற்சிக்கு அவர்கள் ஏன் தளவாடம் ஆக வேண்டும்?

#4 பழைய ஏடு

அண்ணாச்சி, தெரியாது என்று சொல்லிவிட்டு நேராக ஒரு மிஷ்னாவின் மேல் கை வைத்துவிட்டீர்கள்.

பொது ஆண்டு 200 வாக்கில் ரபி யூதா ஹநாசி தொகுத்த யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பு மிஷ்னா. அதை விரித்து விவாதிப்பதுதான் தல்மூத். மிஷ்னாவில் 'பாவா மெட்ஸியா' பகுதியின் நாலாம் அத்தியாயம் முழுக்கக் கடைவீதி விவகாரம்: எவ்வளவு கூடுதல் விலை வைத்தால் மோசடி, கலப்படம், பழைய சரக்கைப் புதிது மாதிரி காட்டுவது. அத்தியாயம் முடியப்போகும் இடத்தில் திடீரென்று ஒரு வரி வருகிறது. வியாபாரத்தில் மோசடி இருப்பது போலச் சொல்லிலும் மோசடி உண்டு. வாங்கும் எண்ணம் இல்லாமல் 'இது என்ன விலை' என்று கேட்காதே. திருந்தியவனிடம் 'உன் பழைய கதை நினைவிருக்கிறதா' என்று கேட்காதே. மதம் மாறி வந்தவர்களின் மகனிடம் 'உன் முன்னோர் செய்ததை நினைத்துப் பார்' என்று சொல்லாதே.

விலை விசாரிப்பதையும், திருந்தியவனின் பழசைக் கிளறுவதையும் ஒரே மூச்சில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். கடைக்காரனுக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பறிப்பதும் அவர்கள் கணக்கில் காயம்தான். தல்மூத் இதை விரிக்கும்போது ஒரு படி மேலே போகிறது: காசு மோசடியில் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், சொல் மோசடியில் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. அங்கேதான் ரத்தம் சிந்துதல் ஒப்பும் வருகிறது. அதைக் கேட்ட ஓர் அறிஞர், ஆமாம், சிவப்பு போய் வெளுப்பு வருவதை நானே பார்த்திருக்கிறேன் என்கிறார். முகத்தைச் சொல்கிறார். உங்கள் கடையிலிருந்து இறங்கிப் போனவரின் முகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருந்துக் கடையில் ஆணி கிடைக்காது என்று தெரிந்தே கேட்பது விலை விசாரிப்பதைவிட மோசம். ஹோர்விட்ஸுக்கு இந்த மிஷ்னா மனப்பாடமாக இருந்திருக்கும். இருந்தும் அனுப்பினார். எனக்கும் இது உறுத்தல்தான்.

#5 செங்காந்தள்

அண்ணாச்சி கேள்விக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ஆனால் ஆணியை விடுங்கள், அந்தத் துணிச்சலின் தேவையை விட்டுவிட முடியாது. அகவ்யா பென் மஹலலேல் கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இதுவும் மிஷ்னாதான், 'எதுயோத்' பகுதி.

அகவ்யா நாலு சட்ட விஷயங்களில் மற்ற அறிஞர்களோடு மாறுபட்டார். அவர்கள் சொன்னார்கள்: அகவ்யா, அந்த நாலையும் வாபஸ் வாங்கிக்கொள், உன்னை இஸ்ரவேலின் நியாய சபைக்குத் தலைவன் ஆக்குகிறோம். அவர் பதில்: 'வாழ்நாள் முழுக்க மடையன் என்று பேர் எடுத்தாலும் எடுப்பேன், கடவுள் முன்னால் ஒரு மணி நேரம்கூட அயோக்கியனாக நிற்க மாட்டேன். பதவிக்காக மாற்றிக்கொண்டான் என்று சொல்லிவிடுவார்கள்.'

மிரட்டவில்லை பாருங்கள். மாலையோடுதான் வந்தார்கள். ஊர் வாய்க்கு அஞ்சாதவர்கள் பலர் ஊர் கொடுக்கும் மாலைக்கு விழுந்துவிடுவார்கள். மடையன் என்ற பேரைச் சுமக்க முடிந்ததால்தான் அகவ்யாவால் மறுக்க முடிந்தது. நோவார்தொக் பையன்கள் பழகியது அந்தப் பேரைச் சுமக்கத்தான் என்று நான் படிக்கிறேன்.

#6 கணக்கன்

செங்காந்தள், நீங்கள் மேற்கோள் காட்டிய வாக்கியத்தின் கடைசித் துண்டைத் திரும்பப் படியுங்கள். 'பதவிக்காக மாற்றிக்கொண்டான் என்று சொல்லிவிடுவார்கள்.' சொல்லிவிடுவார்கள்! யார்? அதே நாலு பேர்தானே? ஊர் பேச்சையே பொருட்படுத்தாதவர் என்று நீங்கள் கொண்டுவந்த ஆள், ஊர் என்ன சொல்லும் என்பதைக் காரணமாகக் காட்டுகிறார்.

யூத மரபு ஊர் பேச்சைப் புறக்கணிக்கச் சொல்கிறது என்பதே அரை உண்மை. எருசலேம் கோயில் காலத்துக்குப் போங்கள். காணிக்கைக் காசு குவிந்து கிடக்கும் அறைக்குள் எடுக்கப் போகிறவர் மடிப்புத் தைத்த மேலங்கி போடக் கூடாது, காலணி கூடாது, செருப்பு கூடாது, தாயத்துகூடக் கூடாது. காசை ஒளிக்க இடமே இருக்கக் கூடாது. ஏன் என்று மிஷ்னாவே சொல்கிறது: நாளைக்கு அவர் ஏழையாகிவிட்டால் 'கோயில் காசில் கை வைத்த பாவம்' என்பார்கள், பணக்காரராகிவிட்டால் 'கோயில் காசில் சம்பாதித்தது' என்பார்கள். ஆகவே கடவுளுக்குக் கணக்கு ஒப்புவிப்பது போலவே மனிதருக்கும் ஒப்புவி. இதற்கு எண்ணாகமம் 32:22-ஐ ஆதாரம் காட்டுகிறார்கள்.

கர்மு என்ற குடும்பம் கோயிலில் படைக்கும் அப்பம் சுடுகிறவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கையில் ஒரு நாளும் வெள்ளை மாவு ரொட்டியைப் பார்த்ததில்லையாம். கோயில் மாவில் சுட்டது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காக. அவ்தினாஸ் குடும்பம் தூபப் பொடி இடிப்பவர்கள். அவர்கள் வீட்டு மணப்பெண் வாசனை பூசாமல்தான் மணமேடை ஏறுவாள். வெளியூரிலிருந்து பெண் எடுத்தால் அவளிடமும் முன்பே நிபந்தனை.

எனக்கு இது புத்தக விஷயம் இல்லை. எங்கள் அடுக்ககத்தில் மூன்று வருஷம் பராமரிப்புக் கணக்கு எழுதினேன். சம்பளம் இல்லாத வேலை. தண்ணீர்த் தொட்டிக்கு வசூல் நடந்த அதே மாதம், நான் பாட்டுக்குப் பழைய பைக்கைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுத்தேன், வங்கிக் கடனில். யாரும் முகத்துக்கு நேரே எதுவும் கேட்கவில்லை. லிஃப்டில் பேச்சு மட்டும் நின்றது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று நானும் வீறாப்பாக இருந்தேன். இப்போது யோசித்தால், ரசீதுக் கட்டை அன்றே அறிவிப்புப் பலகையில் தொங்கவிட்டிருக்கலாம். அடுத்தவன் பணம் கையில் இருக்கும்போது 'யார் என்ன சொன்னால் எனக்கென்ன' என்பது வீரம் ஆகாது, அலட்சியம்தான்.

#7 நெறியாளர்

இஸ்ரேல் அரசியல் பற்றிய இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். அதற்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே மிஷ்னாவும் ஆணியும் மட்டும்.

#8 மல்லிப்பந்தல்

கணக்கன் சார், அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு கேள்வி. அவ்தினாஸ் வீட்டு ஆண்கள் நேர்மையானவர்கள் என்று ஊர் நம்புவதற்காக, கல்யாணத்தன்று வாசனை பூசாமல் நின்றது யார்? அந்த வெளியூர் மருமகளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? 'நாலு பேர்' என்ன சொல்வார்கள் என்ற பாரத்தை எந்த ஊரிலும் முதலில் பெண் தலையில்தான் ஏற்றுகிறார்கள்.

அதனால் நான் இந்த இழைக்குத் தாமாரைக் கூட்டி வருகிறேன். ஆதியாகமம் 38. கிறிஸ்தவ நண்பர்களுக்குத் தெரிந்த கதை. யூதாவின் மருமகள். கணவன் இறந்தான், அடுத்த மகனுக்குக் கட்டி வைத்தார்கள், அவனும் இறந்தான். மூன்றாமவனுக்குக் கட்டி வைக்கிறேன் என்று சொன்ன மாமனார், சொன்னதைச் செய்யாமல் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வருஷங்கள் ஓடின. அவள் முக்காடு போட்டு வழியில் உட்கார்ந்தாள். அவளை யாரென்று தெரியாமல் யூதாவே வந்தார். கூலிக்கு ஆட்டுக்குட்டி அனுப்புகிறேன், அதுவரை அடமானமாக இருக்கட்டும் என்று முத்திரை மோதிரம், ஆரம், கைக்கோல் மூன்றையும் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து அவள் வயிறு தெரிந்தது. ஊர் பேசியது. யூதா தீர்ப்புச் சொன்னார்: வெளியே கொண்டுவந்து எரியுங்கள்.

அவள் கையில் ஆதாரம் இருக்கிறது. தெருவில் நின்று 'இந்தா பார், இவன்தான்' என்று ஒரு கத்துக் கத்தினால் போதும். அவள் கத்தவில்லை. பொருள்களை மட்டும் மாமனாரிடம் அனுப்பிச் சொன்னாள்: இவை யாருடையதோ அவரால்தான் கர்ப்பமானேன், யாருடையது என்று பாரும். பேர் சொல்லவில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவள் நெருப்புக்குள் போயிருப்பாள். யூதா பார்த்தார், 'என்னிலும் அவள் நீதியுள்ளவள்' என்றார்.

இதை வைத்துத்தான் தல்மூத், ஒருவனைப் பலர் முன் வெட்கப்படுத்துவதைவிட எரியும் சூளைக்குள் தானே விழுவது மேல் என்கிறது. செங்காந்தள், உங்கள் முதல் கேள்வியில் இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படிக் குடியிருக்கும் என்று கேட்டீர்கள். இதோ ஒருத்தி. ஊர் தன்னை என்ன பேசியது என்பதற்காக அவள் குனியவில்லை. தனக்குக் கொடுமை செய்தவனின் முகத்தைக்கூட ஊர் முன்னால் வெளுக்க வைக்கவும் இல்லை. அவள் எந்த மருந்துக் கடையிலும் பயிற்சி எடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

#9 தட்டாம்பூச்சி

அக்கா, இரண்டாவது பதிவில் நான் சொன்ன கோமாளி வேஷத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். குற்றவாளியின் முகத்தைக் காப்பாற்றப் பாதிக்கப்பட்டவள் சாகத் தயாராக இருக்க வேண்டும் என்பது நல்ல பாடமா? இன்றைக்கு ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவாள்.

#10 மல்லிப்பந்தல்

வரத்தான் வேண்டும். நானும் வருவேன். யாருக்காவது அறிவுரையாக இந்தக் கதையைச் சொல்கிறவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள் தம்பி. அவள் வாயை மூடிக்கொண்டு எரியப் போகவில்லை, ஆதாரத்தை உரியவர் கையில் சேர்த்துவிட்டுத்தான் நின்றாள். அந்த வித்தியாசம் எனக்கு முக்கியம்.

சூளை என்றதும் இன்னொரு சூளை நினைவு வருகிறது, இது கொஞ்சம் லேசான கதை. பாபிலோனில் மார் உக்வா என்று ஓர் அறிஞர். பக்கத்தில் ஓர் ஏழை. தினமும் அவன் வீட்டுக் கதவின் குடுமிக் குழியில் நாலு ஸூஸ் காசை யாருக்கும் தெரியாமல் போட்டுவிட்டுப் போவார். ஒரு நாள் அந்த ஏழைக்கு, இது யார் வேலை என்று பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அன்றைக்கு மார் உக்வா பாடசாலையில் நேரமாகிவிட்டதால் மனைவியும் உடன் வந்தாள். கதவு அசைந்தது. ஏழை வெளியே வந்தான். இவர்கள் ஓடினார்கள். கொடுத்தவர்கள் ஓடுகிறார்கள், வாங்கியவன் துரத்துகிறான்! நெருப்பை அப்போதுதான் வாரிய ஒரு சூளைக்குள் போய் ஒளிந்தார்கள். தரை இன்னும் சூடு. மார் உக்வாவின் கால் வெந்தது. மனைவி சொன்னாள், உங்கள் காலை என் கால்மேல் வையுங்கள். அவள் கால் வேகவில்லை. அவருக்கு மனசு சுருங்கிவிட்டது, நம்மைவிட இவளுக்குப் புண்ணியம் கூடவா என்று. அவள் சமாதானம் சொன்னாள்: நான் எப்போதும் வீட்டில் இருப்பவள், என்னிடம் வருகிறவனுக்கு உடனே சாப்பிடக் கிடைக்கிறது.

நீங்கள் காசு கொடுக்கிறீர்கள், அவன் போய் வாங்கி, சமைத்து, அப்புறம் சாப்பிட வேண்டும் என்று அவள் மேலே எதுவும் விளக்கவில்லை. கணவனுக்குப் புரியும் என்று விட்டுவிட்டாள்.

#11 பழைய ஏடு

மல்லிப்பந்தல் எழுதியதற்குப் பிறகு பேசத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் சிறுத்தை விவகாரத்தைச் சொல்லாமல் விட்டால் செங்காந்தளின் முதல் பதிவு ஒருபக்கமாக நின்றுவிடும்.

ஷுல்கான் அரூக்கின் அந்த முதல் பத்திக்குப் பின்னால் இருப்பது யூதா பென் தேமா என்ற பழைய அறிஞரின் வாக்கு: சிறுத்தையைப் போலத் துணிந்தவனாய் இரு, கழுகைப் போல லேசாய், மானைப் போல விரைவாய், சிங்கத்தைப் போல வலுவாய். கேலி செய்கிறவனைப் பார்த்துக் கூசாதே என்பதைச் சிறுத்தையின் துணிச்சலிலிருந்து எடுக்கிறார்கள். ஆனால் அதே இடத்தில் அடுத்த வரி: முகத் துணிச்சல் உள்ளவன் நரகத்துக்கு, முகக் கூச்சம் உள்ளவன் ஏதேன் தோட்டத்துக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஷுல்கான் அரூக்கை எழுதிய யோசெஃப் காரோ வேறோர் உரையில் இதை அவிழ்க்கிறார். கேலி செய்கிறவனுக்காக உன் செயலை நிறுத்தாதே, ஆனால் அவனிடம் சண்டைக்கும் போகாதே. துணிச்சல் கெட்ட குணம். நல்ல காரியத்துக்காக எடுத்துப் பழகினாலும் கையோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் மற்ற இடத்திலும் வரும்.

நோவார்தொக் பயிற்சியில் எனக்குள்ள பயம் இதுதான். சிரிப்பு வலிக்காமல் போகும்வரை பழகினால், எதிரே நிற்பவனின் முகமும் தெரியாமல் போய்விடாதா?

#12 செங்காந்தள்

மூன்று நாள் கழித்து வருகிறேன். அண்ணாச்சி கேள்வி விடவில்லை.

முஸார் இயக்கத்தின் மூலவர் சலாந்தரைப் பற்றிச் சீடர்கள் வழியாக வந்த கதைகளில் இரண்டு இந்த இடத்துக்குப் பொருந்தும். ஒன்று, அவர் ஒரு வீட்டில் விருந்துக்குப் போனார். சாப்பாட்டுக்கு முன் சடங்காகக் கை கழுவும்போது மற்றவர்கள் தாராளமாக ஊற்றினார்கள். இவர் சட்டம் கேட்கும் அளவுக்குக் கொஞ்சமே கொஞ்சம் ஊற்றினார். ஏன் என்று கேட்டதற்கு, கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வரும் வேலைக்காரப் பெண்ணைக் காட்டினாராம். அவள் தோளில் ஏறி நான் பக்திமான் ஆக வேண்டாம் என்று. எல்லோரும் பார்க்கும் பந்தியில் பெரிய ரபி குறைவாகக் கழுவினால் என்ன பேசுவார்கள் என்று அவர் பார்க்கவில்லை. அவளுக்கு இன்னொரு நடை மிச்சமாகும் என்று பார்த்தார்.

மற்றொன்று, யோம் கிப்பூருக்கு முந்திய நாள். பாவமன்னிப்பு நாள் நெருங்கும் பயத்தில் முகம் கறுத்துப்போய் ஒருவர் நடந்து வந்தார். சலாந்தர் ஏதோ கேட்டார், அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார். சலாந்தர் சொன்னது: உன் நெஞ்சு உன் சொந்த இடம், அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் நடுங்கிக்கொள். உன் முகம் பொதுவழி. அதில் பள்ளம் தோண்ட உனக்கு உரிமை கிடையாது.

பொதுவழியில் பள்ளம் தோண்டுவது யூதச் சட்டத்தில் நஷ்டஈடு கேட்கும் விவகாரம். அவர் உபதேசமாகச் சொல்லவில்லை, வழக்குப் போலச் சொல்கிறார்.

அண்ணாச்சி, ஒப்புக்கொள்கிறேன். ஆணி கேட்ட பையன் அந்த மருந்துக் கடைக்காரரின் தோளில் ஏறித்தான் பயிற்சி எடுத்தான். சலாந்தர் அவனைத் திருப்பி அனுப்பியிருப்பார் என்றே இப்போது படுகிறது. ஆனால் ஹோர்விட்ஸைக் கல்நெஞ்சர் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். 1919-ல் கீவ் நகரில் டைஃபஸ் காய்ச்சல் பரவியபோது நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்து அதே காய்ச்சலில் போனவர் அவர்.

#13 தட்டாம்பூச்சி

கிழிந்த கோட்டு இல்லாமல் இந்தப் பாடத்தைச் சொல்லித் தர வேறு வழியே அவர்களுக்குத் தெரியவில்லையா?

#14 பழைய ஏடு

தெரிந்தது. அதே காலத்தில் லித்துவேனியாவில் கோவ்னோ பக்கம் ஸ்லபோத்காவில் ரபி நாத்தான் ஸ்வி ஃபின்கெல் நடத்திய யெஷிவா. சலாந்தர் வழிதான் அதுவும். அங்கே பையன்கள் நல்ல கோட்டும் தொப்பியுமாகத் திரிவார்கள். மனிதன் எவ்வளவு பெரியவன் என்று உனக்குத் தெரிந்தால் சின்னத்தனத்துக்கு இறங்க மாட்டாய் என்பது அவர் வழி. நோவார்தொக் நீ ஒன்றுமில்லை என்று தொடங்கும், ஸ்லபோத்கா நீ அரசகுமாரன் என்று தொடங்கும். எனக்கு ஸ்லபோத்கா பிடிக்கும். சலவைச் சட்டை போட்டுப் பழகியவன், அவ்வளவுதான் காரணம்.

#15 மாத்திரைக்கடை அண்ணாச்சி

எல்லோரும் என் பேரை இழுத்துவிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நடந்ததில் பாதியைத்தான் சொன்னேன்.

அந்த மனிதர் படி இறங்கிப் போன பிறகு, மிச்சம் நின்ற ஐந்து பேர் முன்னால் அந்தக் கடைப் பையனைப் பிடிபிடியென்று பிடித்தேன். 'அறிவிருக்கா, மாட்டுக்குப் பிறந்தவனா நீ, இந்த லட்சணத்துக்கு உனக்குச் சம்பளம் வேற' என்று. அவனுக்கு அப்போது பதினேழு வயசு. அவன் அம்மாவும் அந்தத் தெருவில்தான் பூக்கட்டி விற்பாள், அவளுக்கும் கேட்டிருக்கும். நான் அன்றைக்குப் பெரிய நியாயஸ்தன் மாதிரி நின்றேன். கூட்டமும் தலையாட்டியது. கூட்டம் தலையாட்டியதால் இன்னும் நாலு வார்த்தை கூடப் போட்டேன் என்பதுதான் உண்மை. பழைய ஏடு ஐயா எழுதிய அந்தச் சிவப்பு, வெளுப்பு வரியைப் படித்த ராத்திரி அந்தப் பையன் முகம்தான் வந்தது. அந்த நோயாளி முகம் வரவில்லை.

அவன் இப்போது வேறொரு மெடிக்கலில் இருக்கிறான். போன வாரம் அங்கே போய் ஒரு அட்டை மாத்திரை வாங்கினேன். எங்கள் கடையிலேயே இருக்கிற மாத்திரை. 'அண்ணாச்சி, ஸ்டாக் இல்லையா' என்றான். இல்லப்பா என்றேன். அதற்குமேல் வாய் வரவில்லை. வாங்கும் எண்ணம் இல்லாமல் விலை கேட்டதில் இதையும் சேர்ப்பீர்களா தெரியாது, காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.

#16 கணக்கன்

அண்ணாச்சி, இன்னொரு தடவை போங்கள். கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். திட்டியது கூட்டத்தில்தானே.

#17 மாத்திரைக்கடை அண்ணாச்சி

ம்.

#18 செங்காந்தள்

இழை வேறெங்கோ போய்விட்டது, நல்ல இடத்துக்குத்தான். அகவ்யா கதையை நானும் பாதியில் விட்டிருந்தேன், அதை முடித்துவிடுகிறேன்.

பணியாத அகவ்யாவை விலக்கி வைத்தார்கள் என்றும், அந்த விலக்கோடே அவர் செத்தார் என்றும், நியாய சபை அவர் சவப்பெட்டியின் மேல் கல்லெறிந்தது என்றும் ஒரு பேச்சு மிஷ்னாவில் இருக்கிறது. உடனே ரபி யூதா என்ற இன்னோர் அறிஞர் குறுக்கே வருகிறார். ஐயோ, அகவ்யாவையா விலக்கி வைத்தார்கள்? ஞானத்திலும் பாவத்துக்கு அஞ்சுவதிலும் அவரைப் போன்ற ஒருவர்மீது கோயில் முற்றத்தின் கதவு மூடியதே இல்லை, அதாவது முற்றம் நிறைந்த கூட்டத்திலும் அவருக்கு இணை கிடையாது. விலக்கப்பட்டவன் எலியேசர் பென் ஹனோக் என்ற வேறொருவன் என்கிறார். இரண்டு பேச்சையும் மிஷ்னா அப்படியே வைத்திருக்கிறது.

சாகும் நேரத்தில் மகனைக் கூப்பிட்டு அகவ்யா சொன்னார்: நான் பிடித்த அந்த நாலையும் நீ விட்டுவிடு. மகனுக்குப் புரியவில்லை. நீங்கள் ஏன் விடவில்லை? 'நான் பலர் வாயிலிருந்து கேட்டேன், அவர்களும் பலர் வாயிலிருந்து கேட்டார்கள். நான் கேட்டதில் நான் நின்றேன், அவர்கள் கேட்டதில் அவர்கள் நின்றார்கள். நீ கேட்டது ஒருவன் வாயிலிருந்து, எதிரே பலர். ஒருவன் சொன்னதை விட்டுப் பலர் சொன்னதைப் பிடி.'

மகன் கடைசியாக ஒன்று கேட்டான். அப்பா, உங்கள் தோழர்களிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். மாட்டேன் என்றார். என்னிடம் ஏதாவது குறை கண்டீர்களா? இல்லை. உன் செயல்தான் உன்னை அவர்கள் பக்கத்தில் கொண்டுபோகும், உன் செயல்தான் தள்ளியும் வைக்கும்.

#19 தட்டாம்பூச்சி

அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான்?

#20 பழைய ஏடு

மிஷ்னா அதைச் சொல்லவில்லை. அவன் பேரைக்கூடச் சொல்லவில்லை.